வலிக்காத கடி

கொட்டியது எது என்று தெரிவதற்கு முன்பே, கொட்டுபட்டவர் எவ்வளவு அலறுகிறார் என்பதை வைத்து வீட்டார் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். துடிதுடித்தால் வண்டியைக் கூப்பிடுகிறோம். ‘சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான்’ என்றால் சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். ‘திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல’ என்று சொல்லும்போதும் நம் நினைவில் இருப்பது கத்த முடியாமல் விழுங்கும் வலிதான். வலியை ஆபத்தின் அளவாகக் கொள்வது மனித இயல்பு. ஆனால் பூச்சிக்கடி விஷயத்தில் அந்த அளவுகோல் இரண்டு பக்கமும் பிழைபடுகிறது. உயிரே போகிறாற்போல வலிக்கும் பல கொட்டுகள் ஒரு நாளுக்குள் தாமாக அடங்கிவிடுகின்றன. உயிரை எடுக்கும் கடிகளில் பெரும்பாலானவையோ, கடித்ததே தெரியாமல் நடந்து முடிகின்றன. கடிவாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் தவிர்க்கக்கூடிய சாவுகள் பல உண்டு என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது. தேளும் உண்ணியும் பூச்சிகளே அல்ல, எட்டுக்கால் இனம் என்று விலங்கியல் படித்தவர்கள் திருத்தலாம், திருத்தம் சரிதான். ஆனால் ஊர்ப்பேச்சில் எல்லாம் பூச்சிக்கடிதான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இந்தப் பிழைக்கு நம் அறியாமை மட்டும் காரணமில்லை. பூச்சிகள் மனிதனை நெருங்குவது இரண்டு தேவைகளுக்காக. ஒன்று, கூட்டையோ தன்னையோ காப்பாற்றிக்கொள்வது. தேனீ, குளவி, கதண்டு, எறும்பு எல்லாம் இந்த ரகம். தன்னைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிய உருவத்தைக் கொன்றாக வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை, விரட்டினால் போதும். விரட்ட வேண்டுமானால் வலி அந்த நொடியே வர வேண்டும். இன்னொரு தேவை, பசி. கொசுவும் உண்ணியும் நம்மிடம் வருவது சாப்பிட. கல்யாணப் பந்தியில் அழைப்பில்லாமல் உட்கார்ந்தவனைப் போல, சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை யார் கண்ணிலும் படாமலிருப்பதில்தான் அவற்றின் பிழைப்பு இருக்கிறது. முதல் வகையின் விஷம் வலிக்கவேண்டும் என்றே உருவானது. இரண்டாம் வகையின் எச்சில் வலிக்கக்கூடாது என்றே உருவானது. இரண்டிலுமே வலி நமக்குச் சொல்வது பூச்சியின் தேவையைத்தான், நம் உடம்பின் நிலையை அல்ல.

இதற்குச் சான்று தேடியவர்களில் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஜஸ்டின் ஷ்மிட் பேர்போனவர். கொட்டும் பூச்சிகளின் வலியை 1 முதல் 4 வரை தரம்பிரித்தவர் அவர்; அளவுகோலாக அவர் வைத்துக்கொண்டது தம் சொந்தத் தோலை. தேனீக்கு 2 கொடுத்தார். டரான்டுலா சிலந்தியை வேட்டையாடும் பெரிய குளவிக்கு உச்சமான 4. அந்தக் குளவி கொட்டினால் ஆள் தரையில் விழுந்து கத்தத்தான் முடியும் என்று எழுதியவர், அந்த வேதனை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதையும், அதன் விஷத்துக்குப் பாலூட்டிகளைக் கொல்லும் திறன் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே பதிவு செய்தார். வலி ஒரு மிரட்டல். மிரட்டலுக்குப் பின்னால் எப்போதும் ஆயுதம் இருக்கவேண்டும் என்பதில்லை.

முதலில் சாதாரணமான ஒற்றைக் கொட்டை எடுத்துக்கொள்வோம். தேனீ கொட்டிவிட்டுப் பறந்த பிறகும் அதன் கொடுக்கு விஷப்பையோடு நம் தோலில் தங்கித் தானாகவே துடித்து விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். அதில் பெரும்பகுதி அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். கொடுக்கைக் கிள்ளி எடுக்கக்கூடாது, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும் என்று முதலுதவிப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. கலிஃபோர்னியாவில் செய்த ஒரு சோதனை 1996-இல் ‘லான்செட்’ இதழில் வெளியாகி அதைப் பொய்யாக்கியது. கிள்ளினாலும் சுரண்டினாலும் வீக்கம் ஒன்றுதான். சில நொடிகள் தாமதித்தால்தான் வீக்கம் பெரிதாகிறது. கத்தி தேடி உள்ளே ஓடுவதைவிட நகத்தால் உடனே பிடுங்குவது மேல். அதன் பிறகு சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, மோதிரமோ வளையலோ இருந்தால் வீங்குவதற்குள் கழற்றி, அரிப்பு அதிகமானால் மருத்துவர் சொல்லும் ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. மறுநாள் முன்கை முழுக்க வீங்கிச் சிவந்து பயமுறுத்தலாம். கொட்டிய இடத்திலிருந்து தொடங்கிய அந்த வீக்கம் பெரும்பாலும் சீழ் பிடிப்பதன் அடையாளமல்ல. இரண்டு மூன்று நாளில் வடியத் தொடங்கும். ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது வீண்செலவு.

சுண்ணாம்பு, வெங்காயம், புளி, மந்திரிப்பது எல்லாம் தலைமுறை தலைமுறையாக வேலை செய்திருக்கின்றனவே, அவை பொய்யா என்று கேட்கலாம். வேலை செய்தன என்று தோன்றியதில் வியப்பில்லை. ஒற்றைக் கொட்டின் வலி எதுவும் செய்யாவிட்டாலும் ஓரிரு மணி நேரத்தில் குறையும். அந்த நேரத்தில் எதைத் தடவியிருந்தாலும் பெருமை அதற்குப் போய்விடும். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசிக்கொண்டே வேப்பிலை அடிப்பதில் பயம் தணியும் என்பதும் உண்மையே. வெங்காயத்தால் யாரும் சாகவில்லை. வெங்காயம் நறுக்கிய அந்தக் கால் மணி நேரத்தில் முகத்தையும் மூச்சையும் யாரும் கவனிக்காததால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஆட்சேபம் மருந்தின் மீதல்ல, அது தரும் நிம்மதியின் மீது. கடிவாயைக் கீறி ரத்தம் உறிஞ்சுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, இறுக்கிக் கட்டுவது ஆகியவற்றுக்கு மட்டும் இந்தச் சலுகையும் கிடையாது. அவை நேரடியாகவே கெடுதல்.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன நடக்கக்கூடும் என்பதை 1902-இல் இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் நாய்களிடம் கண்டார்கள். சார்ல் ரிஷே, போல் போர்ட்டியே இருவரும் கடல் அனிமோனின் நச்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்தினார்கள். பிழைத்த நாய்களுக்குச் சில வாரங்கள் கழித்து மிகச் சிறிய அளவை மறுபடி செலுத்தினார்கள். எதிர்ப்பு சக்தி வந்திருக்கவேண்டிய நாய்கள் மூச்சுத்திணறிச் சுருண்டு விழுந்து இறந்தன. உடம்பு ஒரு பொருளை முதல் தடவையில் பகையாக அடையாளம் கண்டு வைத்துக்கொண்டு, அடுத்த தடவை தன்னையே அழித்துக்கொள்ளும் வேகத்தில் பாய்கிறது. ரிஷேவுக்கு இதற்காக 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. ‘எனக்கு எத்தனையோ முறை தேனீ கொட்டியிருக்கு, ஒண்ணும் ஆகலை’ என்பவர்களுக்கு அந்த நாய்களே பதில். முன்பு கொட்டியிருப்பது காப்புறுதி இல்லை. ஒவ்வாமை பிறப்பதே முந்தைய கொட்டுகளில்தான். இங்கே விஷத்தின் அளவு ஒரு பொருட்டல்ல, ஒரே ஒரு தேனீ போதும். வலியும் பொருட்டல்ல, அது வழக்கமான அளவே இருக்கும். பார்க்கவேண்டியது கொட்டாத இடங்களை. காலில் கொட்டியிருக்க உடம்பெங்கும் தடிப்பு கிளம்புகிறதா, உதடும் நாக்கும் வீங்குகின்றனவா, குரல் கம்முகிறதா, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறதா, வாந்தியோ தலைசுற்றலோ வருகிறதா? இவற்றில் மூச்சும் மயக்கமும் சம்பந்தப்பட்ட எதுவும் உடனடி ஆபத்து. பூச்சிக்கொட்டு ஒவ்வாமையால் இறந்தவர்களின் ஆவணங்களைப் பிரிட்டனில் ஆராய்ந்தபோது, கொட்டியதிலிருந்து இதயம் நிற்கும் வரையிலான நேரத்தின் இடைநிலை அளவு 15 நிமிடம் என்று தெரிந்தது.

இதற்கு ஒரே மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம். விலை சில ரூபாய்தான், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இருக்கவேண்டிய மருந்து. ஆனாலும் அதைப் போடத் தயங்கி ‘அவில்’ ஊசியும் ஸ்டீராய்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் மருத்துவமனைகளில் இன்னும் தீரவில்லை. அட்ரினலின் இதயத்தைப் படபடக்கவைக்கும், வயதானவர்களுக்கு ஆகாது என்ற அச்சம் தயக்கத்துக்குக் காரணம். நரம்பு வழியாகத் தவறான அளவில் ஏற்றினால் அந்த அச்சம் நியாயமானது; தசையில் சரியான அளவில் போட்டால் படபடப்பும் நடுக்கமும் சிறிது நேரத்தில் அடங்கும். ஒவ்வாமை மாத்திரைகள் தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும். அடைபடும் மூச்சுக்குழலைத் திறப்பதும் சரியும் ரத்த அழுத்தத்தைத் தூக்குவதும் அவற்றால் ஆகாது. ஊசி கிடைக்கும் வரை ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத்திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். மயக்கமாக இருப்பவரைக் கைத்தாங்கலாக நடக்கவைத்து வண்டியில் ஏற்றும் நம் வழக்கம் ஆபத்தானது. எழுந்து நின்ற அந்தக் கணத்திலேயே இதயம் நின்றவர்கள் உண்டு. தேறியது போலத் தெரிந்த பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்கவேண்டும், அறிகுறிகள் திரும்பி வரலாம்.

கூட்டமாகக் கொட்டுவது வேறு கணக்கு. மலைத்தேனீயோ கதண்டோ கலைந்து கொட்டினால் ஒவ்வாமை இல்லாதவரையும் விஷத்தின் அளவே வீழ்த்தும். வலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு இரண்டாம் நாள் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், பிறகு போகாமலே நின்றுவிடும். சிதைந்த தசையும் ரத்த அணுக்களும் சிறுநீரகத்தை அடைத்திருக்கும். வலி குறைந்துவிட்ட நேரத்தில்தான் சேதம் உச்சத்துக்குப் போகிறது. 50 கொட்டுக்கு மேல் பட்டவர்களையும், அதைவிடக் குறைவாகப் பட்ட குழந்தைகளையும் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதே முறை. கதண்டுக்கூட்டுக்குத் தீப்பந்தம் காட்டுவது, சாவு ஊர்வலத்தில் கூடிருக்கும் மரத்தடியில் வேட்டு வைப்பது, கல்லெறிவது ஆகியவை செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டால் அவர்கள் வந்து கூட்டை அகற்றுவார்கள். ஒரு தேனீ கொட்டியதும் அது விட்டுப்போகும் வாசனை மற்றவற்றுக்கு அழைப்பு; நின்று அடித்துக்கொண்டிருக்காமல் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஏதாவதொரு கதவுள்ள இடத்துக்கு ஓடவேண்டும். கிணற்றிலும் குளத்திலும் குதிப்பதால் பயனில்லை. தலை வெளியே வரும் வரை அவை மேலே காத்திருக்கும்.

வலிக்கும் ஆபத்துக்கும் உள்ள பொருத்தமின்மை எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தெரிவது தேளிடம். கருத்துப் பெருத்து, நண்டு போன்ற கொடுங்கைகளோடு வரும் நட்டுவாக்காலியைக் கண்டால் ஊரே கூடும். அது கொட்டினால் வலிக்கும், அவ்வளவே. கொடுங்கை மெலிந்து வால் தடித்த சிறிய செந்தேள்தான் ஆளைக் கொல்லக்கூடியது, அதிலும் குழந்தைகளை. மகாராஷ்டிரத்தின் கொங்கணப் பகுதியில் மகாட் என்னும் சிற்றூர்ப் பக்கம் 1970-களின் பிற்பகுதியில் அரசு மருத்துவராகப் போன ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டி வந்தவர்கள் நுரையீரலில் நீர் கோத்து இறப்பதைக் கண்டார். கடுமையான நிலையில் வந்தவர்களில் நூற்றுக்கு 30, 40 பேர் பிழைக்காத காலம் அது. அவர் ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். வலியால் கதறிக்கொண்டு, ஆனால் வேறு எந்த மாற்றமும் இல்லாமல் வந்தவர்கள் அவருடைய வகைப்பாட்டில் முதல் நிலை, அதாவது ஆபத்துக் குறைந்தவர்கள். பயப்படவேண்டியது வாந்தி எடுப்பவரை, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டக் கைகால் சில்லிட்டுப் போனவரை, எச்சில் ஒழுகுபவரை. ஆண்பிள்ளைகளுக்கு உறுப்பு விறைத்திருப்பதும் அதே எச்சரிக்கைதான். கூச்சத்தால் வீட்டார் அதைச் சொல்லாமல் விடுவதுண்டு.

விஷம் நரம்புகளைத் தூண்டி உடம்புக்குள் அட்ரினலின் வகைச் சுரப்புகளை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. இதயம் அந்தப் பாரத்தில் தளர்கிறது. இரத்த அழுத்தத்துக்காக ஏற்கெனவே புழக்கத்திலிருந்த பிரசோசின் என்ற மலிவான மாத்திரை இதைத் தடுக்கும் என்று யோசித்து 1980-களின் தொடக்கத்தில் பாவஸ்கர் கொடுத்துப்பார்த்தார். சாவு விகிதம் நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. பெரிய ஆய்வுக்கூடமோ பல்கலைக்கழகமோ இல்லாமல் ஒரு கிராமத்து மருத்துவமனையில் இது நடந்தது என்பதை நம் மருத்துவக் கல்லூரிகள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம். அவரும் அவருடைய மனைவி பிரமோதினியும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசோசினோடு தேள் விஷமுறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்த 35 பேரில் 32 பேர் 10 மணி நேரத்தில் முழுவதும் தேறினார்கள். மாத்திரை மட்டும் பெற்ற 35 பேரில் அந்த நேரத்துக்குள் தேறியவர்கள் 8 பேர். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஒன்று சொல்லியாகவேண்டும்: பிரசோசின் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளும் மாத்திரை அல்ல. அழுத்தம் திடீரென்று இறங்கும், பக்கத்தில் மருத்துவர் வேண்டும். வீட்டில் செய்யக்கூடியவை கொட்டுவதற்கு முந்தைய வேலைகள்தான். செங்கல், விறகு, தேங்காய்மட்டைக் குவியலில் வெறுங்கையை விடாதீர்கள். செருப்பையும் ஷூவையும் உதறிவிட்டுப் போடுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். புறஊதா டார்ச் ஒளியில் தேள் பச்சை நீலமாக ஒளிரும் என்பதால், தேள் நடமாட்டமுள்ள ஊரில் அப்படியொரு டார்ச் வாங்குவது நல்ல செலவு.

இனி வலிக்காதவை. கொசுவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 லட்சம் பேர் மலேரியாவால் இறக்கிறார்கள், அந்தக் கடியில் அலறியவர் ஒருவரும் இல்லை. நம் கவனத்துக்கே வராதது உண்ணிக் காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகை உண்ணியின் குஞ்சு, அளவு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ் என்று துணி இறுகும் மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் தின்றுவிட்டு உதிர்ந்துவிடும். வலியில்லை, பலருக்கு அரிப்பும் இல்லை. ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் அடிக்கும். இரண்டாம் உலகப் போரில் பர்மா, அசாம் போர்முனையில் சிப்பாய்களை வாரிக்கொண்டுபோன நோய் இது. இன்று தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் ஆண்டுதோறும் வருகிறது. தட்டணுக்கள் குறைவதால் டெங்கு என்று தவறாகக் கருதப்படுவதுண்டு. இதை உண்டாக்கும் கிருமி செல்லுக்குள் குடியிருப்பது. வழக்கமாக எழுதித்தரும் பெனிசிலின் வகை மருந்துகள் அதைத் தொடுவதில்லை. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையை நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவும். கடுமையான நிலையில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது, ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிடச் சிக்கல்களைக் குறைக்கிறது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது.

இங்கே ஒரு முரண். வலிக்கும் கொட்டுகளில் கடிவாயை விட்டுக் கண்ணை எடுக்கச் சொன்னேன். இந்த நோயில் கடிவாயைத் தேடிப் பிடிக்கவேண்டும். உண்ணி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கரும்பொருக்கு விழும். எல்லோருக்கும் விழாது, ஆனால் விழுந்திருந்தால் நோய் இன்னது என்பதற்கு அதைவிட நல்ல தடயமில்லை. வலிக்காததால் நோயாளி அதை அறிந்திருக்கமாட்டார். மறைவான இடத்தில் இருப்பதால் அவசரத்தில் பார்க்கும் மருத்துவர் கண்ணிலும் படாது.

ஒவ்வொரு கடிக்கும் உடம்பு முழுவதையும் ஆராய்ந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருக்க முடியுமா என்று ஒருவர் கேட்டால், முடியாது, வேண்டியதும் இல்லை. உண்மையில் இந்தக் கண்ணோட்டம் ஓட்டத்தைக் குறைக்கும். எறும்பு, பூரான், ஒற்றைக் குளவி என்று இன்று பதறி ஓடும் பலவற்றை வீட்டிலேயே ஐஸ் வைத்து அரை மணி நேரம் ஆளைக் கவனித்துத் தீர்த்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பதற்றத்தை வேறு பக்கம் திருப்பலாம்: கொசுவலை, முழுக்கைச் சட்டை, தண்ணீர்த்தொட்டி மூடி, வயலிலிருந்து வந்ததும் தேய்த்துக் குளித்து உடுப்பு மாற்றுவது, புல்தரையில் விரிப்பில்லாமல் படுக்காமலிருப்பது, துணியைப் புதர்மேல் காயப்போடாமலிருப்பது, வீட்டைச் சுற்றி எலி பெருகாமல் பார்த்துக்கொள்வது. வலி தராத ஆபத்துக்காக யாரும் பணமும் நேரமும் செலவழிக்க விரும்புவதில்லை, அதுதான் சிக்கல்.

ஐப்பசியிலிருந்து மாசி வரைக்குமான மாதங்களில் நான்கைந்து நாள் விடாமல் காய்ச்சல் அடித்தால், குளிக்கும்போது அக்குளையும் இடுப்பு மடிப்பையும் தொடையிடுக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் படுக்கையிலிருக்கும் முதியவருக்கும் நீங்கள் பாருங்கள். கரும்பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும், அண்மையில் வயலுக்கோ தோப்புக்கோ புதர்க்காட்டுக்கோ போயிருந்தால் அவர் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.